கழிவாகப் போன நிக்கல்: ஒரு முலாம் பூசும் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு சிறிய முலாம் பூசும் கூடத்தில் நடந்தது. கைப்பிடிகள், பூட்டு மூடிகள், சின்ன வளையங்கள் என்று மற்ற நிறுவனங்கள் அனுப்பும் இரும்பு, பித்தளைப் பாகங்களுக்கு நிக்கலும் அதன் மேல் மெல்லிய குரோமும் பூசிக் கொடுப்பதுதான் வேலை. உரிமையாளர், கணக்கு பார்க்கும் அவருடைய தங்கை, தொட்டி வரிசையில் நின்று வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான் கூடம். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதினால் சரி என்றார்கள், அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

என்னை அழைத்தது வேறொரு வேலைக்கு. ஆர்டர் கூடக்கூட கழிவுநீரும் கூடி, இருந்த சுத்திகரிப்பு நிலையம் தாங்காமல் போய்விட்டது. மாலை ஆனால் சேமிப்புத் தொட்டி விளிம்பு வரை நிற்கும், அது இறங்கும் வரை வேலையை நிறுத்த வேண்டும். இரண்டு மடங்கு பெரிய நிலையம் ஒன்றுக்கு விலைப்புள்ளி வாங்கி மேசையில் வைத்திருந்தார் உரிமையாளர். கடன் வாங்கித்தான் கட்ட முடியும். "எவ்வளவு கொள்ளளவு வேணும்னு மட்டும் கணக்குப் போட்டுக் குடுங்க சார்" என்பதுதான் அவர் கேட்டது.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. பாகங்களை ரேக் எனப்படும் கம்பிச் சட்டத்தில் மாட்டி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அமிலத்தில் முக்கி, நிக்கல் தொட்டியில் இறக்குவார்கள். அந்தக் கரைசல் 55 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக இருக்கும். லிட்டருக்கு 65 முதல் 70 கிராம் வரை நிக்கல் கரைந்திருக்கும், அதனால்தான் அந்தப் பச்சை நிறம். நேரம் ஆனதும் ரேக்கைத் தூக்கி ஓடும் தண்ணீரில் அலசி, குரோம் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள், மறுபடி அலசுவார்கள். ரேக்கைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசலும் வெளியே வரும். தொழிலில் இதை டிராக் அவுட் என்பார்கள். அந்தக் கூடத்தில் எல்லோரும் 'ஒட்டி வர்ற தண்ணி' என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

முதல் வாரத்தில் பார்த்தவை

கொள்ளளவு கணக்குப் போட வேண்டுமென்றால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கூடத்துக்கே ஒரு மீட்டர்தான், அதற்கப்புறம் எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்பது யாரும் பார்க்காத விஷயம். அதனால் பத்து லிட்டர் வாளி ஒன்றையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாக அளந்தோம். நிக்கலுக்கு அடுத்த அலசல் தொட்டியின் குழாயில் 24 வினாடியில் வாளி நிறைந்தது. நிமிடத்துக்கு 25 லிட்டர், மணிக்கு 1,500 லிட்டர், எட்டு மணி நேர ஷிப்டுக்கு 12,000 லிட்டர். ஒரே ஒரு தொட்டிக்கு!

மதிய இடைவேளையில் எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் அங்கேயே நின்றேன். ஒரு ரேக் கூட இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் அதே வேகத்தில் வழிந்து கழிவுக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கேட்டதற்கு, வால்வைத் திருகி மூடினால் மறுபடி சரியான அளவுக்குத் திறப்பது கஷ்டம், குறைந்துவிட்டால் பாகங்களில் கறை விழும், அதனால் யாரும் தொடுவதில்லை என்றார்கள். காரணம் நியாயமானதுதான். சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், ஆனால் ஒரு பாகம் கறையோடு போனால் திட்டு வாங்குவது அவர்கள்தானே, தண்ணீருக்காக அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

இரண்டாவது, ரேக்கைத் தூக்கும் விதம். துண்டுக் கணக்கில் கூலி என்பதால் கை வேகமாக ஓடும். தூக்கிய மறு நொடி அலசல் தொட்டிக்குள் போய்விடும், சொட்டுவதற்கே நேரமில்லை. இதில் பூட்டு மூடிகளை மாட்டியிருந்த விதம் இன்னும் மோசம். குவிந்த மூடி, அதை வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டியிருந்தார்கள், அப்படி மாட்டினால் கொக்கியில் சீக்கிரம் உட்காரும். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொரு மூடியும் ஒரு தேக்கரண்டி பச்சைக் கரைசலை ஏந்திக்கொண்டு வந்தது. ஒரு ரேக்கில் நாற்பது மூடி. நாற்பதையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கவிழ்த்து, தட்டிலிருந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி உரிமையாளரிடம் காட்டினேன். அவர் பேசவில்லை. குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் தங்கையைக் கூப்பிட்டார்.

மூன்றாவது, காற்று. நிக்கல் கரைசல் கலங்கிக்கொண்டே இருக்க அடியில் துளைக் குழாய் போட்டுக் காற்று விடுகிறார்கள். அந்தக் காற்று வந்தது 7 பார் அழுத்தத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து. ஒரு மீட்டர் ஆழத் தொட்டியின் அடியிலிருந்து குமிழி கிளம்ப, தண்ணீரின் எடையைத் தாண்ட 0.1 பார் போதும், குழாயில் இழப்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும். 7 பாருக்கு மின்சாரம் செலவழித்து அழுத்தி, வால்வில் நெரித்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிக் கொண்டிருந்தார்கள். எல்லா இயந்திரமும் நின்ற பிறகு இரவில் போய்க் காது கொடுத்துக் கேட்டால் குழாய் இணைப்புகளில் 'உஸ்' என்று சத்தம். யாருமே காற்று எடுக்காத நேரத்திலும் கம்ப்ரசர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓடி நின்றது. 7 பாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு அரைக் கன மீட்டருக்கு மேல் காற்றை விட்டுவிடும், அதை ஈடுகட்ட மூன்று நான்கு கிலோவாட் தேவைப்படும். அது இரவு பகல் பார்க்காமல் ஓடும் செலவு.

நிக்கல் தொட்டியின் ஹீட்டரும் இரவு முழுக்க எரிந்தது. காலையில் வந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்பதற்காக. தொட்டிக்கு மூடி இல்லை.

கணக்கு போட்டபோது

இங்கேதான் நான் வந்த வேலை மாறியது. ஒட்டி வரும் ஒரு லிட்டர் நிக்கல் கரைசலுக்கு அந்தக் கூடம் எத்தனை முறை பணம் கொடுக்கிறது என்று தங்கையும் நானும் உட்கார்ந்து எழுதினோம். அதில் உள்ள நிக்கல் உப்பை வாங்கும்போது ஒருமுறை. அதை அலசிப் போக்கும் தண்ணீருக்கு ஒருமுறை. அந்தத் தண்ணீரிலிருந்து நிக்கலைப் பிரிக்கக் காஸ்டிக் சோடா ஊற்றும்போது ஒருமுறை. பிரிந்து அடியில் படியும் சேறு அபாயக் கழிவு என்பதால், அதை முறைப்படி அப்புறப்படுத்த எடை போட்டு ஒருமுறை. அவருடைய கணக்குப் புத்தகத்தில் இவை நான்கும் நான்கு தலைப்பில் இருந்தன, ஒரே பொருளின் செலவு என்று யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. "நாம காசு குடுத்து வாங்கினதையே காசு குடுத்து வெளிய அனுப்புறோம்" என்று அவர்தான் சொன்னார்.

தண்ணீருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நிக்கல் கரைசலின் செறிவை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் பாகம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அலசல் தொட்டி என்றால், ஒட்டி வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதே வேலையை இரண்டு தொட்டியில் செய்து, நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு அது வழிந்து முன் தொட்டிக்கு வரும்படி, அதாவது பாகம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடும்படி அமைத்தால், ஆயிரத்தின் வர்க்கமூலம் போதும். சுமார் 32 லிட்டர்! மூன்று தொட்டி என்றால் கனமூலம், 10 லிட்டர். தண்ணீர் முழுமையாகக் கலக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது, நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. பாதி கிடைத்தால்கூட பெரிய நிலையத்துக்குத் தேவையே இருக்காது என்று தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, நிலையம் வாங்குவதை மூன்று மாதம் தள்ளிப்போடுவது. உரிமையாளருக்கு இது எளிதாக இல்லை. விலைப்புள்ளிக்குக் கெடு இருந்தது. 'பசுமை' என்ற பேச்செல்லாம் பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செய்வது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1975-லேயே த்ரீ எம் நிறுவனம், மாசைத் தடுப்பது லாபம் என்று பெயர் வைத்து, கழிவு உருவாகும் இடத்திலேயே குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியதைச் சொன்னேன். அதைவிட அந்தக் குடுவைதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன்.

அடுத்து, ஒட்டி வருவதைக் குறைப்பது. 'பத்து வினாடி சொட்ட விடுங்கள்' என்று பலகை எழுதி மாட்டுவதுதான் என் முதல் யோசனை. வரிசையில் மூத்தவர் ஒருவர் இருந்தார், இருபது வருடமாக அந்தத் தொட்டியில் நிற்பவர். அவர் நேராகவே சொல்லிவிட்டார்: "துண்டுக் கூலிக்காரன் பத்து எண்ணிக்கிட்டு நிக்க மாட்டான் சார். தொட்டிக்கு மேல ஒரு கம்பி போடுங்க. மாட்டிட்டு அடுத்த ரேக்கை எடுக்கப் போவோம், வர்றதுக்குள்ள அதுவா சொட்டிடும்." இதைவிட நல்ல தீர்வை நான் பார்த்ததில்லை. யாருடைய நேரமும் போகவில்லை, கூலியும் குறையவில்லை, ஒரு கம்பியின் செலவுதான். நிக்கல் தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சரிவாக ஒரு பிளாஸ்டிக் தகடும் வைத்தோம், தரையில் விழுந்துகொண்டிருந்த சொட்டு தொட்டிக்கே திரும்பியது. மூடிகளை வாய் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டும்படி கொக்கிகளை வளைத்தோம்.

மூன்றாவது, அலசலை மாற்றுவது. மூலையில் பழைய தொட்டிகள் இரண்டு சும்மா கிடந்தன, இடமும் இருந்தது. நிக்கலுக்கு அடுத்ததாகத் தண்ணீர் ஓடாத மீட்புத் தொட்டி ஒன்று, அதற்கப்புறம் எதிரோட்ட அலசல் இரண்டு என்று வரிசை அமைத்தோம். மீட்புத் தொட்டியின் பயன் என்னவென்றால், சூடான நிக்கல் தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும், முன்பு அதைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினார்கள், இனிமேல் மீட்புத் தொட்டியில் இருக்கும் வெளிர்பச்சைத் தண்ணீரால் நிரப்பலாம். ஒட்டிக்கொண்டு போன நிக்கல் வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து அழுக்கைக் கணித்து, அழுக்கு ஏறினால் தானாக வால்வைத் திறக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர் வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். அதன் முனையில் படலம் படியும், வாரா வாரம் துடைக்க வேண்டும், அங்கே அதற்கென்று ஆள் இல்லை. அது பழுதானால் முதலில் நடப்பது, யாராவது வால்வை முழுசாகத் திறந்து வைப்பதுதான். அதற்குப் பதில் குழாய்க்குள் ஓட்டத்தை ஓர் அளவுக்கு மேல் விடாத சின்ன வில்லையும், காலால் மிதித்தால் மட்டும் திறக்கும் வால்வும் போட்டோம். இடைவேளையில் மிதிக்க ஆளில்லை என்றால் தண்ணீரும் இல்லை.

கலக்கும் காற்றுக்குக் குறைந்த அழுத்த புளோயர் ஒன்று வாங்கினோம், வாங்கியதில் கொஞ்சம் பெரிய செலவு இது மட்டும்தான். கம்ப்ரசர் காற்றோடு வரும் எண்ணெய் ஆவியும் கரைசலைக் கெடுக்கும், அதுவும் இதில் தீர்ந்தது. ஹீட்டருக்கு டைமர், தொட்டிக்கு இரவு மூடி. பகலில் மூடவில்லை. ஆவியாகப் போனால்தானே மீட்புத் தண்ணீரைத் திருப்பி ஊற்ற இடம் கிடைக்கும்! சூட்டை மிச்சம் பிடிப்பதும் நிக்கலை மீட்பதும் இந்த ஓர் இடத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. நிக்கலின் மதிப்பு அதிகம் என்பதால் அதன் பக்கம் முடிவெடுத்தோம்.

தொடர்ந்து நடந்தது

முதல் மாதம் நன்றாகப் போனது. சேமிப்புத் தொட்டி மாலையில் பாதிகூட நிறையவில்லை. அப்புறம் இரண்டு சிக்கல் வந்தன, இரண்டுக்கும் பொறுப்பு நான்தான்.

ஒன்று, சில ரேக்குகளில் குரோம் திட்டுத் திட்டாக, பால் நிறத்தில் மங்கி வந்தது. காரணம் பிடிபட நாலு நாள் ஆனது. தொட்டிக்கு மேல் கம்பி போட்டோம் அல்லவா, அதில் ஒரு ரேக்கை மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனவர் திரும்ப நேரமாகிவிட்டால், சூடான நிக்கல் பரப்பு காற்றில் காய்ந்துவிடுகிறது. காய்ந்த நிக்கலின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, குரோம் சரியாகப் பிடிக்காது. சொட்ட விடுவதற்குக் கீழ் எல்லை சொன்ன நான், மேல் எல்லையைச் சொல்லவில்லை. கம்பியில் ஒரே ஒரு கொக்கியை மட்டும் விட்டு மீதியை அறுத்து எடுத்தோம். அடுத்த ரேக்கை மாட்ட வேண்டுமென்றால் முன்னதை எடுத்தே ஆக வேண்டும். அன்றோடு சிக்கல் நின்றது. கெட்டுப்போன அந்த நாலு நாள் பாகங்களை மறுபடி உரித்துப் பூசினோம், அந்தச் செலவைச் சேமிப்பிலிருந்து கழிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று மெதுவாக வந்தது. மூன்றாவது மாதம் நிக்கல் பூச்சு சொரசொரப்பாகத் தொடங்கியது, விரலால் தடவினால் நுண்ணிய மணல் போலத் தட்டுப்பட்டது. மீட்புத் தொட்டியை நிரப்பக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தி வந்தோம். கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் மீட்புத் தண்ணீரோடு நிக்கல் தொட்டிக்குப் போகிறது, தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, கால்சியம் அங்கேயே தங்கிச் சேர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் கால்சியம் சல்பேட்டாக நுண்ணிய ஊசிகள் போல் பிரிந்து பாகங்களின் மேல் உட்காருகிறது. பளபளப்புக்காகச் சேர்க்கும் பொருள்கள் சிதைந்து உண்டாகும் கழிவும் இதேபோல் திரும்பி வந்து சேரும். முன்பு ஒட்டி வரும் தண்ணீர், நல்லதோடு இந்த அழுக்கையும் வெளியே கொண்டுபோய்க் கொண்டிருந்தது. நாங்கள் கதவைச் சாத்தியதும் அழுக்கும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கரைசலை வடிகட்டி, அழுக்கை உறிஞ்சும் செயலூட்டிய கரியில் கலக்கி மறுபடி வடிகட்டினோம், இரண்டு நாள் வேலை நின்றது. அதற்கப்புறம் மீட்புத் தொட்டிக்குக் கனிமம் நீக்கிய தண்ணீர் மட்டும்தான்.

பலன்

ஒரு வருடம் கழித்துப் போனேன். புதிய நிலையம் வாங்கவில்லை, பழையதே போதுமானதாக இருக்கிறது, ஆர்டர் கூடியும்கூட. நிக்கல் அலசலில் நிமிடத்துக்கு 25 லிட்டராக இருந்த ஓட்டம் இப்போது 4 லிட்டர், அதுவும் மிதிக்கும்போது மட்டும். சேற்றுப் பீப்பாய் ஒன்று மூன்று வாரத்தில் நிறைந்தது போய் ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. நிக்கல் உப்பு வாங்குவது கணிசமாகக் குறைந்திருக்கிறது, ஆனால் அதே வருடம் ஆர்டரின் வகையும் மாறியதால் எவ்வளவு என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. புளோயர், குழாய், மூடி, கெட்டுப்போன பாகங்கள் எல்லாம் சேர்த்து ஆன செலவு அந்த வருடத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது என்று தங்கை கணக்கைக் காட்டினார். இப்போது அவருடைய புத்தகத்தில் தண்ணீர், உப்பு, காஸ்டிக், சேறு நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

காற்றுக் கசிவு மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒருமுறை இறுக்கிய இணைப்பு அப்படியே இருக்காது, இரவில் மறுபடி மறுபடி போய்க் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

வரிசையில் நிற்பவர்களிடம் முதல் நாளே போயிருப்பேன். நான் உரிமையாளரிடமும் விலைப்புள்ளியிடமும் தொடங்கினேன். கம்பி யோசனை அந்த மூத்தவரின் மனதில் பல வருடமாக இருந்திருக்கிறது, "யாரும் கேக்கலையே" என்றார். அந்த யோசனைக்கு அவருக்குத் தனியாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் பிறகு சொன்னேன், கொடுத்தார், ஆனால் அது திட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது.

ஒரு ஓட்டத்தை மூடும் முன், அது எதையெல்லாம் வெளியே கொண்டுபோகிறது என்று எழுதிப் பார்த்திருப்பேன். கால்சியத்தை முன்கூட்டியே யூகித்திருக்கலாம், தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். மாற்றங்களை ஒரே வாரத்தில் மொத்தமாகச் செய்ததும் தவறு. குரோம் மங்கியபோது கம்பியா, புளோயரா, புதிய கொக்கியா என்று தெரியாமல் நாலு நாள் போனதற்கு அதுதான் காரணம்.

குரோம் தொட்டியை இன்னும் தொடவில்லை. அது நிக்கலை விடக் குறைந்த சூட்டில் ஓடுவதால் ஆவியாதல் குறைவு, மீட்ட தண்ணீரைத் திருப்பி ஊற்றப் போதுமான இடம் அதில் கிடைக்காது. அந்தத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் உண்மையில் அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு ஆபத்தில்லாத மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறலாமா என்று ஒரு சின்னத் தொட்டியில் சோதனை தொடங்கியிருக்கிறார்கள். நிறம் கொஞ்சம் அடர்த்தியாக வருவதால் வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று பார்க்க, மாதிரிப் பாகங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.